பால் வற்றிய வரலாறு

மூன்று நாட்கள் வகுப்புக்கு வராத மாணவியைத் தேடி ஒரு மாலை புறப்பட்டேன். அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி செல்லும் சாலையைவிட்டு விலகி, சீமைக்கருவேலங் காட்டினிடையே நெளிந்தோடும் வண்டிப்பாதையில் நடந்தால் வரும் சிற்றூர் அது. திருச்சுழி என்றதும் 1879இல் அங்கே பிறந்த இரமணர் நினைவு பலருக்கு வரும். எனக்கு வருவது கரிமூட்டத்துப் புகையின் நினைவு.

வாயிற்படியிலே அமர்ந்திருந்தாள் என் மாணவி. மடியிலே நான்கு மாதத் தம்பி. கையிலே ஒரு புட்டி. அதற்குள்ளே வெளுப்பாக ஏதோ இருந்தது. பால் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. டப்பா மாவிலே ஒரு கரண்டி; மீதமெல்லாம் தண்ணீர். வகுப்பிலே கணக்கில் முதலாவதாக வருபவள் அவள். இந்தக் கணக்கையும் தவறின்றித்தான் போட்டிருந்தாள்: அடுத்த கூலி கைக்கு வரும் வரையில் டப்பா தீர்ந்துவிடக்கூடாது! குழந்தையின் பசிக்கு அந்தக் கணக்கிலே இடமில்லை.

இருட்டிய பிறகு வந்தாள் தாய். காலை முதல் கரிமூட்டத்திலே வேலை. முகத்திலே கரி, கழுத்திலே கரி, கண்ணிமையிலும் கரி. "பால் பத்தல டீச்சர். ரெண்டாம் மாசத்துலயே வத்திப்போச்சு. எம் ஒடம்புவாகு அப்பிடி" என்றாள். நான் கேட்கவில்லை, அவளாகவே சொன்னாள். சொல்லும்போது என் கண்ணைப் பார்க்கவில்லை; களவு கையும் மெய்யுமாகப் பிடிபட்டவள்போலத் தலையைக் குனிந்துகொண்டாள்.

மறுநாள் நான் இதைச் சொல்லக் கேட்டார், படித்த பெரியவர் ஒருவர். சிரித்தார். "இந்தக் காலத்துப் பெண்களுக்கு அழகல்லவா பெரிது! பாலூட்டினால் மேனி குலையும் என்ற அச்சம்" என்றார். கரியிலே வெந்து கருகிய அந்த மேனியையா, ஐயா, குலையாமற் காக்க நினைத்தாள் அவள்? பட்டம் பெற்றவர் வாயிலும் இந்தப் பழி எவ்வளவு எளிதாக வருகிறது! தாயின் தலைகுனிவும் அவரது சிரிப்பும் சேர்ந்துதான் என்னை எழுதத் தூண்டின. பால் வற்றியதா, வற்றவைக்கப்பட்டதா? உடல்நூலைக் கேட்போம் முதலில். பிறகு வரலாற்றைக் கேட்போம்.

கண்மாய் காய்ந்த கோடையிலே குண்டாற்று மணலில் ஊற்றுத் தோண்டி நீர் எடுப்பவர் நம்மவர். இறைக்க இறைக்கத்தான் ஊறும் அந்த ஊற்று. இரண்டு நாள் இறைக்காமல் விட்டால் மணல் சரிந்து மூடிக்கொள்ளும். தாய்ப்பாலும் அப்படித்தான். குழந்தை வாய்வைத்து உறிஞ்சும்போது தாயின் மூளையடிச் சுரப்பிக்குச் செய்தி செல்கிறது. புரோலாக்டின் என்னும் சுரப்புநீர் பாலை உண்டாக்குகிறது. ஆக்சிடோசின் என்னும் சுரப்புநீர் உண்டான பாலை வெளியே தள்ளுகிறது. உறிஞ்சுவது குறைந்தால் உண்டாவதும் குறையும். மார்பிலே பால் தேங்கி நின்றால், போதும் நிறுத்து என்று உடல் தனக்குத்தானே கட்டளையிட்டுக்கொள்ளும். வலியும் அச்சமும் வெட்கமும் பால் இறங்குவதைத் தடுக்கும். தாது வருடப் பஞ்சத்திலே, 1876 முதல் 1878 வரையிலான அந்தக் கொடிய நாட்களிலே, எலும்பும் தோலுமான தாயிடம் பால் இல்லாமற் போனதென்றால் வியப்பில்லை. ஆனால் அரை வயிற்றுக் கஞ்சி குடிக்கும் தாய்க்கும் பால் ஊறும் என்பது மருத்துவம் கண்ட முடிவு. ஆகவே 'பத்தவில்லை' என்ற ஐயம் தோன்றிப் புட்டியைக் கொடுக்கிறாள். புட்டியால் வயிறு நிறைந்த பிள்ளை மார்பை நாடுவது குறைகிறது. அது குறையவே பால் குறைகிறது. 'பார்த்தாயா, பத்தவில்லை என்றேனே!' என்கிறது வீடு. ஐயமே நோயாகி, நோயே சான்றுமாகிவிடுகிறது.

அந்த ஐயத்தை விதைத்தவர் யார்? முதல் விதையை வீட்டிலேயே தூவினோம்.

பிள்ளை பிறந்தவுடனே 'சேனை வைப்பது' நம் கரிசற் சீமையின் வழக்கம். சீனித் தண்ணீரையோ தேனையோ நாவிலே தடவுவார், குடும்பத்தில் ஒருவர். வைத்தவர் குணம் பிள்ளைக்கு வருமாம்! பாவம், குணம் வந்ததோ இல்லையோ, வயிற்றுப்போக்கு வந்ததுண்டு. கழுதைப்பால் ஒரு சங்கு கொடுத்தால் பிள்ளைக்கு நோயே அண்டாது என்று நம்பி, தெருவிலே கழுதையோடு வருபவனைக் கூவியழைத்துக் காசு கொடுத்து வாங்கும் வீடுகள் இன்றும் உண்டு. கழுதைமேல் எனக்குக் கோபமில்லை. தன் குட்டிக்குரிய பாலைக் காசுக்கு இழந்து நிற்கும் தாய் அதுவும்!

இதைவிட வேடிக்கை, அல்ல, வேதனை, சீம்பாலின் கதை. பசு ஈன்றால் அதன் சீம்பாலைக் கருப்பட்டி போட்டுக் காய்ச்சி, அக்கம்பக்கத்துக்கும் பங்கு வைத்து, சுவைத்துச் சுவைத்து உண்போம். பெண் ஈன்றால் அவளது சீம்பாலை 'கெட்ட பால், கடும்பால்' என்று பீய்ச்சிக் கீழே விடச் சொல்வோம். மாட்டுத் தொழுவத்திலே மருந்தாயிருப்பது மனிதர் வீட்டிலே நஞ்சாகிவிடுமா? மஞ்சள் நிறத்தில் சில தேக்கரண்டியளவே ஊறும் அந்தப் பாலிலேதான் நோயெதிர்க்கும் பொருள்கள் செறிந்துள்ளன. பிறந்த நாளன்று குழந்தையின் இரைப்பை கொள்வதும் அந்தச் சில துளிகளைத்தான். அளவு பார்த்து அஞ்சிய பாட்டிக்கு அது தெரியாது. மூன்று நாள் பிள்ளை வாய்வைக்காத மார்பிலே நான்காம் நாள் பால் கட்டிக்கொண்டு வலியெடுக்கும். வலிக்கிறது என்பாள் தாய். பால் வரவில்லை என்று எழுதிவிடும் ஊர்.

நம்மவர் மட்டும் மடமையிலே மூழ்கிக் கிடந்தார்கள், மேலைநாட்டார் அறிவொளியிலே நின்றார்கள் என்று எண்ணிவிட வேண்டாம். சுசுருதர் பெயரால் வழங்கும் நூல் முதல் நாட்களில் தேனும் நெய்யும் தரச் சொன்னது என்றால், உரோமப் பேரரசின் காலத்து மருத்துவர் சோரானசும் தொடக்கநாள் தாய்ப்பாலை விலக்கித் தேன் தரவே சொன்னார். ஏட்டிலே பெரியவர் எழுதியதை எவரும் சோதித்துப் பார்க்காமல் ஓடின நூற்றாண்டுகள் பல. 1748இல் மருத்துவர் வில்லியம் கடோகன், பிறந்தவுடன் தாயின் மார்பிலே விடுங்கள் என்று வாதாடினார். கண்ணாற் கண்டதை வைத்து ஏட்டை எதிர்த்த துணிவு அது.

வழக்கம் கெடுத்தது முதல் மூன்று நாளை. மீதி நாட்களைக் கெடுத்தது வேலை.

அருப்புக்கோட்டை தறியின் ஊர். வீட்டுக்குள்ளே தறி, தறிக்கருகே சேலைத் தொட்டில். நூல் சுற்றும் பெண் காலாலே தொட்டிற் கயிற்றை இழுத்துவிடுவாள். பிள்ளை அழுதால் நூலைக் கீழே வைத்துவிட்டு எடுத்துக்கொள்வாள். அந்த வீடு சொர்க்கமென்று நான் பாடவில்லை. கூலி அற்பம், கடன் மலையளவு, மாமியார் சொல்லும் உண்டு. எனினும் பிள்ளை கைக்கெட்டும் தொலைவில் இருந்தது. பிறகு நூற்பாலை வந்தது, மணியோசைக்கு ஓடவேண்டியதாயிற்று. மேற்கே சிவகாசியில் 1923இல் தீப்பெட்டித் தொழில் வேரூன்றியது. கிழக்கு வெளுக்குமுன் ஊர் ஊராக வந்து ஆளேற்றிச் செல்லும் பேருந்துகள் பின்னாளில் வந்தன. தாய் ஓரிடம், பிள்ளை ஓரிடம். மானம் பொய்த்து, மிளகாயும் பருத்தியும் கைவிட்ட நிலத்திலே சீமைக்கருவேல் படர்ந்தது. அதை வெட்டி, அடுக்கி, மண்பூசி, மூட்டம் போட்டுக் கரியாக்கும் வேலை பெண்ணின் தலையிலே விழுந்தது.

ஆலைக்குச் செல்லும் தாயின் பிள்ளை என்னவாகும் என்ற கேள்வி பம்பாயிலே முதலில் வெடித்தது. 1920களின் தொடக்கத்தில் அங்கே ஆலைப்பெண்களின் நிலையை ஆராய்ந்த மருத்துவர் பார்ன்ஸ் அம்மையார், வேலைக்குச் செல்லுமுன் பிள்ளை அழாதிருக்க அபினி கொடுத்துத் தூங்கவைக்கும் வழக்கம் பரவிக் கிடப்பதைக் கண்டெழுதினார். 1928இல் பம்பாய்ச் சட்டசபையிலே பேறுகால உதவி மசோதாவை ஆதரித்து எழுந்தார் அம்பேத்கர். பேற்றுக்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வு தருவது நாட்டின் நலன். அவள் உழைப்பால் ஆதாயம் பெறும் முதலாளியும் அதன் செலவைத் தாங்கத்தான் வேண்டும் என்பது அவர் வாதம். மறு ஆண்டே பம்பாயிலே சட்டமாயிற்று. சென்னை மாகாணத்தில் 1934இல், நீதிக்கட்சி ஆட்சியிலே, பேறுகால உதவிச் சட்டம் இயற்றப்பட்டது. நாடு முழுமைக்குமான 1961ஆம் ஆண்டுச் சட்டம் 12 வாரம் தந்தது. பிள்ளைக்கு 15 மாதம் ஆகும் வரை நாளொன்றுக்கு இருமுறை பாலூட்ட இடைவேளையும் தந்தது. 2017இல் 12 வாரம் 26 வாரமாயிற்று; 50 பேரோ அதற்கு மேற்பட்டோரோ பணிபுரியும் நிறுவனங்களில் பிள்ளைக் காப்பகம் வேண்டும் என்றாயிற்று. 2020இல் நிறைவேறிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் இவற்றை ஏற்றுக்கொண்டது.

நல்ல சட்டங்கள். ஆனால் எல்லாம் ஆலை வாயிலோடு நின்றுவிட்டன! கரிமூட்டத்துக்கு வாயிலேது? வருகைப் பதிவேடு ஏது? தீப்பெட்டிக் கட்டை வீட்டிலே ஒட்டுபவளுக்கு முதலாளி யார்? பிள்ளை பத்துக் கல்லுக்கு அப்பாலிருக்க, இடைவேளை கிடைத்துத்தான் என்ன பயன்? 2005இல் வந்த ஊரக வேலை உறுதிச் சட்டம், வேலைத்தலத்திலே ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் ஐவர் இருந்தால் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை அமர்த்தச் சொன்னது. கண்மாய்க் கரையிலே நான் கண்டது, வேலமரக் கிளையில் தொங்கிய சேலைத் தொட்டில் ஒன்றுதான்.

இதற்கு மேலே ஒரு நம்பிக்கை வேறு: வெயிலிலே உழைத்து வந்தவளின் பால் 'சூட்டுப்பால்', பிள்ளைக்கு ஆகாது, பீய்ச்சி ஊற்றிவிட வேண்டும்! உழைக்கும் பெண்ணுக்கென்றே தைத்த நம்பிக்கைபோலும் இது. உடல் உழைத்ததனால் பால் கெடுவதில்லை. உழைப்பாளியின் பாலைத்தான் ஊர் கெட்டதென்கிறது. என் மாணவியின் தாயும் இதைச் சொன்னாள். "கரி படிஞ்ச மாரோட எப்பிடி டீச்சர் பிள்ளைக்குக் குடுக்கறது? கழுவத் தண்ணி வரணுமில்ல" என்றும் சொன்னாள். முன்னதற்கு விடை சொன்னேன். பின்னதற்கு, குழாயடியில் வரிசையாய் நின்ற காலிக் குடங்களைப் பார்த்தபடி நின்றேன்.

கடல் கடந்தும் இதே கதைதான். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலே பிள்ளைமடுவம். மலேயா இரப்பர்த் தோட்டத்திலே ஆயாக் கொட்டகை. விடியுமுன் பிள்ளையை அங்கே கிடத்திவிட்டு நிரைக்குப் போனாள் தமிழ்த்தாய். அவள் இல்லாத இடத்தை நிரப்ப வந்து நின்றது, டப்பா.

டப்பாவின் தொடக்கம் தீய எண்ணத்தில் பிறந்ததன்று. தாயில்லாப் பிள்ளையும் தாய்ப்பால் கிட்டாப் பிள்ளையும் ஐரோப்பிய நகரங்களில் கொத்துக் கொத்தாக மாண்ட காலம். சுவிட்சர்லாந்தின் வெவே நகரிலே என்றி நெஸ்லே 1867இல் பசும்பால், கோதுமை மாவு, சர்க்கரை இவற்றைச் சேர்த்து ஒரு மாவுணவு செய்தார். அநாதைக்கு உதவ வந்தது வணிகமாயிற்று. வணிகத்துக்கு அநாதைகள் போதவில்லை. தாயிருக்கும் பிள்ளைகளையும் தேடிப் புறப்பட்டது. இந்தியாவிலே அந்நிறுவனத்தின் விற்பனை 1912இல் தொடங்கிற்று. நம் நாட்டு அறிவியலாரும் சளைத்தவரல்லர்: எருமைப்பாலிலிருந்து குழந்தையுணவு செய்யும் முறையை 1950களில் மைசூர் உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் கண்டது, அமுல் அதனை டப்பாவிலடைத்தது. வெள்ளையன் டப்பாவுக்குப் பதில் நம் டப்பா! பெருமைதான். பிள்ளைக்கு இரண்டும் ஒன்றே.

தாயகத்திலே ஒரு நீதி, குடியேற்ற நாட்டிலே வேறு நீதி. கொழுப்பு நீக்கிய கெட்டிப்பால் டப்பாவிலே, 'குழந்தைகளுக்கு ஏற்றதன்று' என்று அச்சிட வேண்டும் என 1923இல் பிரிட்டனில் விதி செய்தனர். இனிப்பிட்ட கெட்டிப்பாலைச் சிங்கப்பூரிலும் மலேயாவிலும் பிள்ளைக்கு உகந்ததென்று விற்றனர். வெள்ளுடை தரித்த பெண்களை வீடுவீடாக அனுப்பி விற்றனர். அங்கே மருத்துவராயிருந்தார் சிசிலி வில்லியம்ஸ் அம்மையார், ஜமைக்காவிலே பிறந்தவர். சிங்கப்பூர் ரோட்டரிச் சங்கத்தார் 1939இல் அவரைப் பேச அழைத்தனர். விருந்துண்டு கைதட்ட வந்தவர்கள் முன்னே அவர் வைத்த தலைப்பு: 'பாலும் கொலையும்'. பொருந்தா உணவைப் புகழ்ந்து பிள்ளைகளைச் சாகடிப்பதைக் கொலையென்றே கொண்டு தண்டிக்க வேண்டும் என்றார். எப்படி இருந்திருக்கும் அந்த மண்டபம்!

மூன்றாண்டு கழித்து ஜப்பானியர் சிங்கப்பூரைப் பிடித்தனர். வில்லியம்ஸ் சாங்கிச் சிறையிலே அடைபட்டார். பட்டினி, நோய், சித்திரவதை நிறைந்த சிறை. அங்கே 20 குழந்தைகள் பிறந்தன, டப்பா கிடையாது, 20 குழந்தைகளும் தாய்ப்பால் குடித்தன, 20 குழந்தைகளும் பிழைத்தன என்று பின்னாளில் அவரே கூறினார். சிறையிலே ஊறிய பால் மாளிகையிலே வற்றியதேன் என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா?

உலகம் அந்தக் கேள்வியைக் கேட்க மேலும் முப்பத்தைந்து ஆண்டுகள் ஆயின. 1974இல் இலண்டனில் ஒரு தொண்டு நிறுவனம் டப்பாப்பால் வணிகத்தைச் சாடி, 'குழந்தைக் கொல்லி' என்ற சிறுநூலை வெளியிட்டது. அதனை ஜெர்மன் மொழியில், நெஸ்லேயின் பெயரையே தலைப்பிலிட்டு வெளியிட்ட சுவிஸ் இளைஞர்மீது அந்நிறுவனம் வழக்குத் தொடுத்தது. 1976இல் தீர்ப்பு: இளைஞர்களுக்குச் சிறு அபராதம், நிறுவனத்துக்கோ, உன் விளம்பர முறையைத் திருத்திக்கொள் என்ற அறிவுரை. வென்றவர் யார் என்று நீங்களே கூறுங்கள். 1977இல் அமெரிக்காவிலே புறக்கணிப்புக் கிளர்ச்சி எழுந்தது. 1981 மே திங்களில், தாய்ப்பாலுக்கு மாற்றாகும் பொருள்களின் விற்பனையை நெறிப்படுத்தும் விதிகள் உலக நலவாழ்வு மன்றத்தின் முன் வந்தன. ஆதரவு 118. எதிர்ப்பு 1. அந்த ஒன்று அமெரிக்கா.

இந்தியா 1992இல் சட்டம் செய்தது; 1993 ஆகஸ்டு முதல் நடைமுறைக்கு வந்தது; 2003இல் கடுமையாக்கப்பட்டது. விளம்பரம் கூடாது, இலவச மாதிரி கூடாது, மருத்துவருக்குப் பரிசு கூடாது, டப்பாவின்மேல் கொழுகொழுக் குழந்தையின் படமும் கூடாது. தாய்ப்பாலே சிறந்தது என்று டப்பாவே சொல்ல வேண்டும். என் மாணவி வீட்டு டப்பாவிலும் அது இருந்தது. ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டிப் படித்துக் காட்டினாள். அம்மா சிரித்தாள்.

இன்று தமிழ்நாட்டிலே பிரசவம் ஏறக்குறைய முழுதும் மருத்துவமனையிலேதான். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு 99.6 விழுக்காடு என்கிறது. ஆயினும் பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் பெற்ற குழந்தைகள் 60.2 விழுக்காடுதான். ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளில் வேறெதுவும் இன்றித் தாய்ப்பால் மட்டுமே பெறுவோர் 55.1 விழுக்காடு. நாட்டின் சராசரி 63.7! படிப்பிலும் மருத்துவத்திலும் முன்னே நிற்கும் நாம் இதிலே பின்னே நிற்கிறோம். பாட்டியின் அறியாமையை மட்டும் இனிக் காரணம் காட்ட முடியுமா? இங்கே 44.9 விழுக்காடு பிரசவம் அறுவைச் சிகிச்சை. மயக்கம் தெளிந்து, வலியோடு புரண்டு படுக்க முடியாத தாயின் பக்கத்திலே பிள்ளையைச் சேர்த்துப் பிடித்து, மார்பில் வாய் பொருத்திக் காட்ட ஒரு கை வேண்டும். அரைமணி நேரம் பொறுமை வேண்டும். செவிலியோ ஒருத்தி, படுக்கைகளோ பல. டப்பா கரைப்பது இரண்டு நிமிட வேலை.

என்னைப் பற்றியும் ஒன்று சொல்லிவிட வேண்டும், இல்லையேல் நேர்மையாகாது. தமிழ்நாட்டு அரசு ஊழியப் பெண்களுக்கு 2021 முதல் பேறுகால விடுப்பு 12 மாதம். சம்பளத்தோடு! நாளை நான் தாயானால் ஓராண்டு வீட்டிலிருந்து பாலூட்டலாம். எனக்குப் பால் ஏன் 'வற்றவில்லை' என்று எவரும் வியக்கமாட்டார். கரிமூட்டத்துத் தாய்க்கு, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரால் வழங்கும் மகப்பேறு உதவி உண்டு. 2006இல் 6,000 ரூபாயாக உயர்ந்து பின்னர் 18,000 ஆனது. தவணை தவணையாக வரும் அந்தப் பணம் அவளுக்குப் பெரிது. அதை அவள் வைத்துக்கொண்டது 35 நாள். முன்பே வாங்கிய கடனுக்கு வட்டி கட்டிற்று அது. 36ஆம் நாள் அவள் மூட்டத்துக்குப் போனாள்.

ஊர்ச் சுகாதாரச் செவிலியரோடு மறுவாரம் மீண்டும் சென்றேன். இரவிலும் விடியலிலும் இருபுறமும் மாறி மாறிப் பிள்ளையை விடு, புட்டியை மெல்ல மெல்லக் குறைக்கலாம், மீண்டும் ஊறும் என்று அவர் சொன்னார். தாய் நம்பவில்லை. இருந்தும் பிள்ளையை எடுத்து அணைத்தாள். சற்று நேரம் அழுதது, பிறகு சப்பிற்று. சிறிது நேரம் கழித்து, "இறங்குது டீச்சர்" என்றாள், மெல்லிய குரலில்.

திங்களன்று என் மாணவி பள்ளிக்கு வந்தாள். செவ்வாயும் புதனும் வந்தாள். வியாழனன்று அவள் இடம் காலியாக இருந்தது. மூட்டம் பிரித்துக் கரி அள்ளும் நாளாம். அம்மாவுக்கு இரவு வரை வேலையாம். பக்கத்து வீட்டுப் பையன் வந்து சொன்னான்.